எம்.எஸ். இருப்பவர் விழாமல் இருக்க எந்தப் பயிற்சி, எங்கே? களியக்காவிளைப் பக்கத்திலிருந்து ஓர் ஒப்பீடு

எம்.எஸ். என்கிற மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் நரம்பு நோய் இருக்கிறவரிடம் நரம்பியல் டாக்டர், “பேலன்ஸ் பயிற்சி செய்யுங்க, விழுந்திரக் கூடாது” என்று ஒரு வரியில் சொல்லி அனுப்பிவிடுவார். அந்த ஒரு வரியோடு வீட்டுக்கு வந்த பிறகுதான் எங்கே, யாரிடம், எத்தனை நாள் என்ற கேள்விகள் ஆரம்பிக்கும். களியக்காவிளையை நடுவில் வைத்தால் இந்தப் பக்கம் மார்த்தாண்டம், குழித்துறை. அந்தப் பக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரை. எல்லையை ஒட்டி வாழ்கிற நமக்கு வழிகளுக்குப் பஞ்சமில்லை. திருவனந்தபுரத்தில் பெரிய ஆஸ்பத்திரிகள், ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி, ஜங்ஷனுக்கு ஜங்ஷன் பிசியோதெரபி கிளினிக், ஊருக்கு ஊர் வர்ம ஆசான், போதாததற்குக் கையில் போன்.

என் அக்காவுக்கு இந்த நோய் என்று தெரிந்ததும் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு கட்சி ஆகிவிட்டது. அம்மா உழிச்சில் கட்சி, அதாவது எண்ணெய் தேய்த்து நீவிவிடும் வைத்தியம். அத்தான் திருவனந்தபுரம் கட்சி. அக்காவோ, “நான் எங்கயும் வரேல்ல, வீட்டுலயே செய்யுதேன்” என்று தனிக்கட்சி. மூன்று தரப்பையும் உட்கார்த்தி வைத்துப் பேசியதிலும், பிசியோதெரபிஸ்டுகளிடம் கேட்டதிலும், ஆராய்ச்சிகளைத் தேடிப் படித்ததிலும் எனக்கு ஒன்று தெளிவானது. எந்த இடத்துக்குப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்தால் பணமும் போகும், அலைச்சல்தான் மிச்சம். அவர் எப்படி விழுகிறார் என்பது தெரிந்தால் இடம் தானாக முடிவாகிவிடும்.

விழுகிற கணக்கு

மூளையிலும் தண்டுவடத்திலும் இருக்கிற நரம்புகளைப் போர்த்தியுள்ள மயலின் உறையை உடம்பின் சொந்த எதிர்ப்பாற்றலே அரிப்பதுதான் மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ். பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில் தலைகாட்டும். ஆண்களை விடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். விழுவது முதியவர்கள் சமாச்சாரம் என்று நினைக்கிற வீட்டில் முப்பத்தைந்து வயதுப் பெண் அடிக்கடி விழுந்தால், “பார்த்து நடக்கப்பிடாதா?” என்ற ஏச்சுதான் முதலில் கிடைக்கும். பார்த்து நடப்பதில் குறை ஒன்றும் இல்லை. பல நாடுகளைச் சேர்ந்த 537 பேரின் விவரங்களைச் சேர்த்து 2015-இல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. எம்.எஸ். உள்ளவர்களில் 56 சதவீதம் பேர் மூன்றே மாதத்துக்குள் ஒரு தடவையாவது விழுந்திருந்தார்கள்.

விழும் காரணம் ஆளுக்கு ஆள் வேறு. சிலருக்குப் பாதத்தில் உணர்வு குறைந்திருக்கும். தரை எங்கே இருக்கிறது என்று கால் சொல்லாது. சிலருக்கு முன்பாதம் தூக்காது. நடைவாசலில் பெருவிரல் தட்டும். சிறுமூளை பாதிக்கப்பட்டவருக்கு உடம்பே தள்ளாடும். வேறு சிலருக்குத் தலைசுற்றல் அல்லது இரட்டைப் பார்வை. சிறுநீரை அடக்க முடியாமல் ராத்திரி அவசரமாக எழுந்து ஓடுகிறவர் இருட்டில் விழுவார். சிலர் நடப்பார்கள், பேசுவார்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்யச் சொன்னால் கால் தடுமாறும். தசை இறுக்கத்துக்குக் கொடுக்கிற பாக்லோஃபென் மாதிரியான மாத்திரைகள் தூக்கக் கலக்கத்தைக் கொண்டுவந்து காலைத் தளர வைப்பதும் உண்டு.

அக்கா தடுமாறிய இடங்களில் முக்கியமானது குளியலறை. வழுக்கியதால் இல்லை. தரை காய்ந்துதான் இருக்கும். முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடுவாள். அடுத்த நொடி உடம்பு பின்னால் சாயும், கை சுவரைத் தேடும். பாதமும் காதின் உட்பகுதியும் கொடுக்க வேண்டிய செய்தி சரியாக வராததால், அவள் நிற்பது முழுக்கக் கண்ணை நம்பித்தான். கண்ணை மூடினால் பிடி போயிற்று. இப்படிப்பட்டவரைக் கண் திறந்த நிலையில் எத்தனை கிலோமீட்டர் நடக்க வைத்தாலும் அந்தக் குறை அப்படியே இருக்கும். கண்ணை மூடி நிற்கிற பயிற்சிதான், அதுவும் ஒருவர் பக்கத்தில் பிடித்துக்கொள்ளத் தயாராக நிற்க, அவருக்கு வேண்டும்.

அதனால் எந்த வழியில் இறங்குவதற்கும் முன்னால் ஒரு நோட்டுப் போடுங்கள். விழுந்ததை மட்டும் எழுதினால் போதாது, விழப்போய்ப் பிடித்துக்கொண்டதையும் எழுத வேண்டும். என்ன நேரம், எந்த இடம், எந்தப் பக்கம் சாய்ந்தார், கையில் என்ன இருந்தது, யாரிடமாவது பேசிக்கொண்டிருந்தாரா, வெயிலில் இருந்து வந்தாரா. நான்கு வாரம் எழுதினால் ஒரு ஒழுங்கு தெரியும். பிசியோதெரபிஸ்டிடம் எம்.ஆர்.ஐ. படத்தைக் காட்டுவதை விட இந்த நோட்டைக் காட்டுவது உபயோகம் என்று நான் நினைக்கிறேன்.

ஆராய்ச்சி எவ்வளவு தூரம் கை கொடுக்கிறது

எம்.எஸ். உள்ளவர்கள் விழாமல் தடுக்கும் முறைகளைப் பற்றி 2019-இல், மருத்துவச் சோதனைகளைச் சேர்த்து எடைபோடுகிற காக்ரேன் அமைப்பின் ஆய்வறிக்கை வந்தது. 13 சோதனைகள், 839 பேர். பயிற்சியால் சமநிலையும் நடமாட்டமும் முன்னேறலாம் என்று சொன்னது. விழும் எண்ணிக்கை குறையுமா என்பதற்கு ஆதாரம் உறுதியாக இல்லை என்றும் சொன்னது. அதே 2019-இல் முதியவர்களைப் பற்றிய காக்ரேன் அறிக்கை உடற்பயிற்சியால் விழுதல் 23 சதவீதம் குறைவதாகக் கண்டது. அங்கே 108 சோதனைகள், 23,000-க்கும் மேற்பட்டவர்கள். எம்.எஸ்.ஸுக்கு அத்தனை பெரிய சோதனை நடந்ததில்லை. ஆகவே “எங்க சென்டருக்கு வந்தா விழவே மாட்டீங்க” என்று யாராவது அடித்துச் சொன்னால், அங்கிருந்து மரியாதையாக வெளியே வந்துவிடுங்கள்.

சிறிய சோதனைகளில் இரண்டு எனக்குப் பிடித்தவை. சுவீடனில் நடத்திய ஒரு குழுப் பயிற்சி: வாரம் இரண்டு நாள், ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம், ஏழு வாரம். வயிறு, முதுகுத் தசைகளைப் பிடித்து நிறுத்துவது, ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்வது, கண்ணை மூடியும் மெத்தென்ற தளத்தில் நின்றும் பழகுவது என்று மூன்றையும் கலந்து கொடுத்தார்கள். 51 பேர் கலந்துகொண்ட 2017 சோதனையில் சமநிலை முன்னேறியது, விழுவதும் குறைந்தது. இன்னொன்று அமெரிக்காவில் 88 பேரிடம் நடந்து 2018-இல் வெளியானது. இதில் சமநிலைப் பயிற்சியோடு கண்ணசைவுப் பயிற்சியையும் சேர்த்தார்கள். முதல் ஆறு வாரம் வாரத்துக்கு இருமுறை நேரில், அடுத்த எட்டு வாரம் ஒருமுறை நேரில், வீட்டில் தினமும். சமநிலை கூடியது, தலைசுற்றல் குறைந்தது.

இரண்டிலும் ஆளை வேண்டுமென்றே ஆட்டம் காண வைக்கிறார்கள். சைக்கிள் பழகுவது போலத்தான். ஆடாமல் யாரும் பழகியதில்லை. எந்த வழியை எடைபோட்டாலும் நான் பார்த்தது மூன்றைத்தான்: அங்கே அவரை ஆட்டம் காண வைக்கிறார்களா, ஆடும்போது பிடிக்க ஆள் இருக்கிறதா, மாதக்கணக்கில் தொடர முடியுமா.

திருவனந்தபுரமா, மார்த்தாண்டமா?

நம் பக்கத்தில் நரம்புக் கோளாறு என்றாலே வாயில் வருவது திருவனந்தபுரத்து ஸ்ரீசித்திரா. 1980-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் ஆனது. எல்லைக்கு இந்தப் பக்கத்துத் தமிழர்களுக்கு அது வெளிமாநில ஆஸ்பத்திரி என்ற எண்ணமே கிடையாது. அங்கேயோ நகரத்தின் வேறு பெரிய ஆஸ்பத்திரிகளிலோ கிடைக்கிற பெரிய ஆதாயம் சரியான மதிப்பீடு. 14 வேலைகளைச் செய்யச் சொல்லி 56-க்கு மதிப்பெண் போடுகிற பெர்க் அளவுகோல். நாற்காலியில் இருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி என்ற கணக்கு. தலைசுற்றல் காதில் இருந்து வருகிறதா, மூளையில் இருந்து வருகிறதா என்ற சோதனை. முன்பாதம் தூக்காதவருக்குக் கணுக்காலைப் பிடித்து நிறுத்தும் பிளாஸ்டிக் பட்டை அளவெடுத்துச் செய்வதும் இந்த மாதிரி இடங்களில்தான் நன்றாக அமையும்.

வாராவாரம் பயிற்சிக்கே அங்கே போவது வேறு கதை. களியக்காவிளையில் இருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் பாலராமபுரத்து நெரிசலில் ஏ.சி. இல்லாத பஸ்ஸில் நின்றுகொண்டு போனவருக்கு, கேரளப் புழுக்கத்தில் தம்பானூரில் இறங்கும்போதே அன்றைய பலம் தீர்ந்திருக்கும். குழித்துறையிலோ பாறசாலையிலோ ரயில் ஏறலாம் என்றால் நடைமேடைக்கும் படிக்கும் உள்ள இடைவெளி காலைத் தூக்க முடியாதவருக்குச் சோதனை. எம்.எஸ்.ஸில் வருகிற அசதி தூங்கி எழுந்தால் போகிற அசதி இல்லை. உடம்பின் வெப்பம் அரை டிகிரி ஏறினாலும் சிதைந்த நரம்பில் செய்தி ஓடுவது மந்தப்பட்டுக் கால் துவண்டுவிடும். 1890-இல் வில்ஹெல்ம் ஊத்தோஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் எழுதி வைத்த சங்கதி இது. உடம்பு ஆறினால் சரியாகிவிடும், நோய் முற்றியதாக அர்த்தமில்லை. ஆனால் ஆறும் வரை பயிற்சி எடுபடாது, திரும்பும் வழியில் விழுகிற அபாயம் கூடும். விழாமல் இருக்கப் போய் பஸ் ஸ்டாண்டில் விழுந்து வருவது என்ன கணக்கு?

என் தீர்ப்பு: திருவனந்தபுரம் மதிப்பீட்டுக்கும், மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை பயிற்சியை மாற்றி வாங்குவதற்கும். நெய்யாற்றின்கரைக்கு அப்பால் இருப்பவருக்கும், தலைசுற்றலே முக்கியத் தொந்தரவாக இருந்து அதற்கென்று பயிற்சி பெற்றவர் தேவைப்படுகிறவருக்கும் மட்டும் வாராவாரப் பயணம் நியாயம். மார்த்தாண்டத்துக்குக் கிழக்கே இருப்பவர்களுக்கு இதே வேலையை ஆசாரிப்பள்ளத்தில் செய்துகொள்ளலாம். பணச்செலவு குறைவு, காத்திருக்கும் நேரம் கூடுதல்.

அடுத்தது பக்கத்து ஜங்ஷன் கிளினிக். பத்து நிமிட ஆட்டோ, மாலை ஆறு மணிக்குப் போய் ஏழு மணிக்கு வந்துவிடலாம். தூரத்தால் இதற்கு நான் நிறைய மார்க் போடுவேன். ஆனால் எல்லாக் கிளினிக்கும் ஒன்றல்ல. பெரும்பாலான இடங்களுக்கு வருகிறவர்கள் கழுத்துவலி, முதுகுவலி, முட்டுவலிக்காரர்கள். அந்தப் பழக்கத்தில் எம்.எஸ். உள்ளவரையும் கட்டிலில் படுக்கப்போட்டுக் காலில் கரண்ட் வைத்து, மெழுகு ஒத்தடம் கொடுத்து அனுப்பிவிடுகிற இடம் உண்டு. நாங்கள் முதலில் போன ஒரு இடத்தில் அப்படித்தான் நடந்தது. படுத்துக்கொண்டு யாரும் சமநிலை பழக முடியாது. சூடு வேறு அவர்களுக்கு ஆகாது.

சேர்வதற்கு முன்னால் நேராகக் கேட்டுவிடுங்கள். “எம்.எஸ். உள்ளவங்களைப் பார்த்திருக்கீங்களா? பயிற்சி நேரத்துல எவ்வளவு நேரம் நிக்க வைப்பீங்க? கண்ணை மூடி, தலையைத் திருப்பி, மெத்தை மேல நிக்கறது எல்லாம் உண்டா? பக்கத்துல நீங்க நிப்பீங்களா, இல்ல மூணு பேரை ஒரே நேரத்துல பார்ப்பீங்களா?” பதில் சொல்கிற விதத்திலேயே தெரிந்துவிடும். அக்காவுக்கு வாய்த்தவர் பாறசாலைக்காரப் பெண். மலையாளமும் தமிழும் கலந்துதான் பேச்சு. முதல் நாளே இடுப்பில் ஒரு பெல்ட்டைக் கட்டிப் பின்னால் பிடித்துக்கொண்டு, “சேச்சி, கண்ணை மூடுங்க. பேடிக்க வேண்டா, பிடி என் கையில இருக்கு” என்றார். நான் தேடிக்கொண்டிருந்தது அந்தப் பெல்ட்டைத்தான்.

கிளினிக்குக்கும் போக முடியாதவர்களுக்குத் தமிழ்நாட்டுப் பக்கத்தில் மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த திட்டம். வீட்டுக்கே வந்து பார்க்கும் பிசியோதெரபியும் அதில் சேர்த்தி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்க வேண்டும். பல ஊர்களைச் சுற்றுகிறவர் வாரம் இரண்டு முறை வந்து ஒரு மணி நேரம் நிற்பார் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் வீட்டைக் கண்ணால் பார்த்து, “இந்தக் கட்டிலை இங்க திருப்பிப் போடுங்க” என்று சொல்ல வருகிற ஆளுக்குத் தனி மதிப்பு உண்டு. திருவனந்தபுரத்து நிபுணர் நம் வீட்டு நடைக்கல்லைப் பார்த்ததில்லையே.

வீட்டிலேயே செய்தால்

அக்காவின் கட்சிக்கு வருவோம். வீட்டுப் பயிற்சியின் பலம், தினமும் செய்யலாம், காலை ஆறரைக்கு உடம்பு சூடாவதற்கு முன்னால் ஃபேனுக்கு அடியில் செய்யலாம், பைசாச் செலவில்லை. பலவீனம், பார்க்க ஆள் இல்லாவிட்டால் மனிதர்கள் தங்களுக்கு எளிதானதையே திரும்பத் திரும்பச் செய்வார்கள். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்குவது தசைக்கு நல்லது. சமநிலைக்கு அது போதாது. இன்னொரு வகை, யூடியூபில் யாரோ ஆரோக்கியமானவர் செய்வதைப் பார்த்து நடு ஹாலில் ஒற்றைக் காலில் நிற்கும் துணிச்சல்காரர்கள். இரண்டும் ஆகாது.

வீட்டில் செய்ய நல்ல இடம் இரண்டு சுவர் சேரும் மூலை. முதுகு மூலையைப் பார்த்து இருக்க, சுவரில் படாமல் நிற்க வேண்டும். முன்னால் கனமான மர நாற்காலி, அதன் முதுகு நம் பக்கம். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். பிடித்தால் கூடவே வரும். பின்னால் சாய்ந்தால் சுவர், முன்னால் சாய்ந்தால் நாற்காலி. முதலில் பாதங்களைச் சேர்த்து முப்பது விநாடி. அது சுலபமானால் தலையை இடமும் வலமும் திருப்பிக்கொண்டு. அப்புறம் கண்ணை மூடி. அதுவும் வசப்பட்டால் காலடியில் மடித்த ஜமுக்காளம், பிறகு தலையணை. பிறகு ஒரு குதிகால் மறு பாதத்து விரலைத் தொட ஒரே கோட்டில் நிற்பது. ஒவ்வொரு படியும் கொஞ்சம் ஆட்டம் காட்ட வேண்டும். ஒரேயடியாகச் சாய்த்தால் ஒரு படி கீழே இறங்க வேண்டும். தலையணை வருகிற கட்டத்தில் பக்கத்தில் ஆள் இல்லாமல் செய்யவே கூடாது.

இரட்டை வேலைப் பயிற்சிக்கு உபகரணம் எதுவும் வேண்டாம். சுவரோரம் நடந்துகொண்டே நூறில் இருந்து மூன்று மூன்றாகக் கழித்துச் சொல்வது. அல்லது குழித்துறையில் இருந்து திருவனந்தபுரம் வரை ரயில் நிலையங்களைப் பின்னோக்கிச் சொல்வது. அத்தான் கூடவே நடந்து, அவள் பாலராமபுரத்தை இடையில் விட்டுவிட்டால் பிடித்துக்கொள்வார். சண்டை, சிரிப்பு எல்லாம் உண்டு. கால் நின்றுவிடாமல் வாய் பதில் சொல்லப் பழகினால், முற்றத்தில் நடக்கும்போது யாராவது கூப்பிட்டுத் திரும்புகிற நேரத்தில் விழுவது குறையும்.

வீடியோ அழைப்பில் பிசியோதெரபிஸ்ட் பார்த்துக்கொண்டிருக்க வீட்டில் செய்வது இதற்கும் கிளினிக்குக்கும் நடுவில் இருக்கிறது. ஏற்கெனவே நேரில் பார்த்தவரிடம் என்றால் நல்ல ஏற்பாடு, முக்கியமாக ஜூன், ஜூலை இடவப்பாதி மழையிலும் ஐப்பசி அடைமழையிலும். நேரில் ஒருமுறைகூடப் பார்க்காதவரிடம் ஆரம்பிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. திரை வழியாக யாரும் பெல்ட்டைப் பிடிக்க முடியாது.

யோகா? நிற்கும் ஆசனங்களைச் சுவர் பக்கத்தில், எம்.எஸ். தெரிந்த ஆசிரியரிடம் செய்தால் பிசியோதெரபிக்கு நல்ல துணை. தாய்ச்சி என்கிற சீனத்து மெதுவான அசைவுப் பயிற்சி முதியவர்களுக்கு விழுதலைக் குறைப்பதாக ஓரளவு ஆதாரம் உண்டு. ஆனால் சொல்லிக்கொடுக்கிற ஆள் நம் பக்கத்தில் எங்கே? சின்ன வயதில் அடிமுறை என்ற நம் ஊர்ச் சண்டைக்கலையைப் பழகியவர் இங்கே ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். அதில் சுவடு, அதாவது அடி எடுத்து வைக்கும்போது எடை ஒரு காலில் இருந்து மறு காலுக்கு மாறுவது அவர்களுக்குக் கேட்கத் தேவையில்லாத பாடம். மெதுவாக அதைச் செய்து பார்க்கலாம். ஆசான் முன்னால் செய்கிற வேகம் ஆகாது. டிவி முன்னால் பலகையில் நின்று ஆடும் வீ (Wii) வீடியோ கேம் பயிற்சியைச் சுவீடனில் 84 பேரிடம் சோதித்துப் பார்த்தார்கள், பயிற்சி செய்யாதவர்களோடு ஒப்பிட்டபோது சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் வரவில்லை. வீட்டில் பிள்ளைகளோடு விளையாட ஆசையிருந்தால் சரி, அதற்கென்று வாங்க வேண்டாம்.

அம்மாவின் உழிச்சிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் பாதிப் பேர் முதலில் போவது அங்கேதான். எண்ணெய் தேய்த்து உழிந்தால் இறுகிய தசை இளகும், அன்றிரவு நன்றாகத் தூக்கம் வரும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் படுத்திருக்கும் உடம்பை இன்னொருவர் அசைப்பதில் சமநிலை வளர வழியில்லை. மருந்து மூட்டையான கிழியைச் சூடாக்கி ஒற்றுவதும் ஆவி பிடிப்பதும் முன்னே சொன்ன வெப்பத் தொல்லையைக் கிளப்பும். அதைவிட எனக்குப் பயம், முடித்துவிட்டு உள்ளங்காலில் எண்ணெயோடு டைல்ஸ் தரையில் நடந்து குளிக்கப் போகிற அந்தப் பத்தடிதான். போவதானால் சூடில்லாத எண்ணெய், உள்ளங்காலை நன்றாகத் துடைத்துவிட்டு எழுவது, நரம்பியல் டாக்டர் கொடுத்த மருந்தை யார் சொன்னாலும் நிறுத்தாமல் இருப்பது. அம்மா இதற்கு ஒத்துக்கொண்டாள், மாதம் ஒருமுறை என்று பேரம் பேசி.

பயிற்சியைவிட வேகமாகப் பலன் தருவது

சமநிலை முன்னேற வாரங்கள் ஆகும். சுவரில் ஒரு கைப்பிடி அன்றைக்கே வேலை செய்யும். ஆனாலும் பயிற்சிக்குப் பணம் கட்டுகிற வீடுகள் கைப்பிடி போடத் தயங்குகின்றன. வருகிறவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்களோ என்று. குளியலறையில் ஒரு முக்காலியும் கைப்பிடியும் போட்டதில் அக்காவின் சோப்புப் பிரச்சினை முடிந்தது. உட்கார்ந்து முகம் கழுவுகிறவர் எங்கே சாய்வார்? ராத்திரி கட்டிலில் இருந்து கழிப்பறை வரை சின்ன விளக்கு. கரண்ட் போகும் ஊர் என்பதால் தலைமாட்டில் டார்ச். சிறுநீர் அவசரத்துக்கு டாக்டரிடம் வெட்கப்படாமல் கேட்டால் மருந்து உண்டு; அந்த ஓட்டம் நின்றாலே பாதி ராத்திரி விழுதல் நிற்கும்.

நம் பக்கத்து வீடுகள் ரப்பர்த் தோட்டச் சரிவில் ஏறி இறங்கி இருப்பவை. வருஷத்தில் இரண்டு மழைக்காலம். நடைக்கல்லில் பாசி பிடிப்பதை யாரும் நிறுத்த முடியாது. பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ப்பதும், சாய்வில் ஒரு பக்கம் குழாய்க் கம்பி போடுவதும் முடியும். வார் செருப்பைத் தூக்கி எறியுங்கள். பாதத்தில் உணர்வில்லாதவருக்குச் செருப்பு கழன்றதே தெரியாது. பின்பட்டை உள்ளதே வேண்டும்.

கம்பைக் கையில் எடுத்தால் நோய் முற்றிவிட்டது என்று ஊர் பேசும் என்று அக்கா முதலில் தொடவே இல்லை. இப்போது வெளியே போனால் எடுப்பாள், வீட்டுக்குள் கிடையாது. எடுக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது: கையைத் தொங்கவிட்டு நின்றால் மணிக்கட்டு மடிப்பு அளவுக்குப் பிடி இருக்க வேண்டும், பலவீனமான காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். கடையில் இருந்து வாங்கி நேராக ஊன்ற ஆரம்பிக்காமல் ஒருமுறை பிசியோதெரபிஸ்டிடம் காட்டிவிடுங்கள். உயரம் தவறிய கம்பே ஆளைத் தள்ளும்.

யாருக்கு எது

கம்பில்லாமல் நடக்கிறார், எப்போதாவது தடுமாறுகிறார் என்றால் ஒரு மதிப்பீடு, பக்கத்துக் கிளினிக்கில் வாரம் இருமுறை வீதம் இரண்டு மாதம், கூடவே வீட்டு மூலைப் பயிற்சி. அதற்குப் பிறகு வீட்டில் தொடர்ந்துகொண்டு மாதம் ஒருமுறை காட்டினால் போதும். பயிற்சியால் ஆகக்கூடிய பலன் இவர்களுக்குத்தான் அதிகம் என்பது என் எண்ணம், இவர்கள்தான் “எனக்கென்ன, நான் நல்லாத்தான் நடக்கேன்” என்று தள்ளிப்போடுகிறவர்களும்.

மாதத்தில் பலமுறை விழுகிறவரை வீட்டில் மட்டும் விட்டுப் பழக்க வேண்டாம். கைப்பிடி, விளக்கு, செருப்பு, கம்பு முதலில். அதே வாரத்தில் நேரடிப் பயிற்சி. ஸ்டீராய்டு அடிக்கடி எடுத்தவர் என்றால் எலும்பு வலுவையும் வைட்டமின் டி-யையும் பார்க்கச் சொல்லுங்கள். விழுவதோடு எலும்பும் முறிந்தால் நடை மீண்டு வர மிகவும் பாடுபட வேண்டியிருக்கும். நிற்பதே சிரமமான நிலையில் இருப்பவருக்கு வீட்டுக்கு வருகிற பிசியோதெரபியும், கட்டிலில் இருந்து சக்கர நாற்காலிக்குப் பத்திரமாக மாறுவதை அவரும் வீட்டாரும் சேர்ந்து பழகுவதும்தான் சரியான வழி. அந்த மாறுகிற நேரத்தில்தான் அவர்கள் விழுவார்கள்.

செலவைப் பற்றி ஒன்று. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 குறைபாடுகளில் மல்டிபிள் ஸ்க்லிரோசிஸும் இருக்கிறது. யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை வாங்கி வைத்தால் நாடு முழுக்கச் செல்லும், எல்லை தாண்டி வைத்தியம் பார்க்கிற நமக்கு அது வசதி. இதே நோயுள்ள மற்றவர்களோடு பேச வேண்டும் என்றால் 1985-இல் தொடங்கிய மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் சொசைட்டி ஆஃப் இந்தியாவுக்குச் சென்னையில் கிளை உண்டு.

எந்த வழியில் போனாலும் விழுந்தபின் எழுவதையும் பயிற்சியில் சேர்க்கச் சொல்லுங்கள். பலர் கேட்பதே இல்லை. பதறி வீட்டார் இரண்டு கையையும் பிடித்துத் தூக்கினால் தோள் பிசகும், தூக்குகிறவர் முதுகும் போகும். அடிபட்டிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டு, ஒருக்களித்து, முட்டிபோட்டு, கனமான நாற்காலியில் கையூன்றி, பலமான காலை முன்னால் வைத்து எழ வேண்டும். தலையில் அடி, தாங்க முடியாத வலி என்றால் அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். திடீரென்று சில நாளில் விழுவது கூடினால் பயிற்சியைக் கூட்டாதீர்கள். காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இருக்கிறதா என்று பாருங்கள், அவை பழைய அறிகுறிகளைக் கிளறிவிடும். அப்படி எதுவும் இல்லாமல் புதுத் தொந்தரவு ஒரு நாளைக்கு மேல் நீடித்தால் பிசியோதெரபிஸ்டுக்கு முன்னால் நரம்பியல் டாக்டருக்குப் போன் போடுங்கள்.